சாந்தம்மா ஓட்டல் எதிர்ச் சந்து

மூடிப்போன கடைகளுக்காகப் புலம்புகிறவர்களைக் கண்டால் ஜோதியம்மாளுக்கு ஆகாது. அப்படிப் புலம்புகிறவர்களில் முதல் ஆள் அவள் கட்டிக்கொண்ட திம்மராயன்.

அவர் ஜூஜுவாடிப் பக்கத்து ஃபவுண்டரி ஒன்றில் முப்பத்தோரு வருஷம் உலை முன்னால் நின்றவர். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இருந்த ஒரே உத்தியோகம் காலை நடை. ஆறரைக்குக் கிளம்பி, சர்வீஸ் ரோட்டு ஓரமாகவே லாரி எடை மேடை வரை போய்த் திரும்புவார். மற்றவர்கள் சர்க்கரை குறைய நடப்பார்கள். இவர் துக்கம் விசாரிக்கப் போவது போல நடப்பார். வழியில் இருக்கிற கடை ஒன்றும் அவர் கண்ணில் படாது. இல்லாத கடைகள்தான் படும். செல்போன் உறை விற்கிற இடம் அவருக்கு இன்னமும் ரேடியோ ரிப்பேர் கடை. மூன்று மாடி லாட்ஜ் நிற்கிற இடம் சினிமாக் கொட்டகை. காலையில் கன்னடம் ஓடும், சாயங்காலம் தமிழ். ஏ.டி.எம். இருக்கிற மூலை பேக்கரி. அங்கே தேங்காய்ப் பூரணம் வைத்த ஒரு தில்பசந்த் துண்டும், ஒரு டீயை இரண்டாக ஊற்றிய 'பை டூ'வும் வாங்கிவிட்டால் இரண்டு பேர் ஒரு மணி நேரம் உட்காரலாம், எழுந்திரு என்று யாரும் சொன்னதில்லை என்பார்.

திரும்பி வந்ததும் கேட்டைச் சாத்திக்கொண்டே அன்றைய அறிக்கை வாசிப்பார்.

"ஏம்மே, அந்த இஸ்திரிக் கடயயும் மூடிட்டாங்க."

"மூடுனதயே சொல்லிக்கிட்டு இருக்கறீங்களே, தொறந்தது ஒண்ணு கூடவா கண்ணுல படல?" என்பாள் அவள், டிபன் பாத்திரத்தை மூடியபடி. பதிலுக்கு நிற்க மாட்டாள். அவளுக்கு வேலை இருந்தது.

ஜோதியம்மாள் ஓசூரில் ஒரு நர்சிங் ஹோமில் இருபத்திரண்டு வருஷம் உதவியாளராக இருந்தவள். பிறகு வீட்டோடு நோயாளியைப் பார்க்கும் பயிற்சி ஆறு மாதம் எடுத்து, சான்றிதழும் வாங்கினாள். அறுபத்து நான்கு வயதிலும் தினம் காலை எட்டிலிருந்து பத்தரை வரை, படுக்கையில் கிடக்கும் ஒரு ரிட்டயர்டு டீச்சரைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்க வைத்து, ஊட்டிவிட்டு வருவாள். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு அவளே வகுப்பும் எடுத்திருக்கிறாள். முதல் நாளே சொல்லித்தருவது, ஆம்புலன்ஸைக் கூப்பிடும்போது விலாசம் சொல்லும் முறை. கதவு எண், தெரு, அப்புறம் கண்ணுக்குத் தெரிகிற ஒரு அடையாளம். சொல்லிவிட்டு ஒரு ஆளை ரோட்டில் நிறுத்த வேண்டும். "கண்ணுக்குத் தெரியற அடையாளம்" என்று அவள் இரண்டு தடவை சொல்வாள்.

திம்மராயனுடைய துக்கப் பட்டியலில் மற்றக் கடைகளெல்லாம் பங்காளிகள் என்றால், சாந்தம்மா ஓட்டல் பெற்ற தாய். இவர்கள் வீட்டுச் சந்து மெயின் ரோட்டைத் தொடுகிற இடத்துக்கு நேர் எதிரில் இருந்தது. கூரை தகரம், முன்னால் புங்கமரம், அதன் கீழே இரண்டு கல் பெஞ்சு. ராகிக் களியும் உப்புச்சாறும் மத்தியானம் இரண்டு மணிக்கே தீர்ந்துவிடும். ஆனால் கூட்டம் களிக்காக வந்ததில்லை. முதல் ஷிப்ட் விட்டதும் ஃபவுண்டரி ஆட்கள், லாரி கிளீனர்கள், ரோஜாக் கட்டு ஏற்றிவிட்டு வரும் தோட்டக்காரர்கள் எல்லாரும் அந்த பெஞ்சில்தான். சாந்தம்மா கன்னடத்தில் அதட்டுவாள், தெலுங்கில் திட்டுவாள், சோறு போடுகிற கை மட்டும் எந்தப் பாஷையும் பேசாது. எவன் எந்தப் பாஷையில் கேட்டாலும் தட்டில் ஒரே அளவு விழும்.

இதையெல்லாம் அவர் சொல்லித்தான் ஜோதியம்மாளுக்குத் தெரியும். அவள் அந்தப் பெஞ்சில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. எந்தப் பொம்பளையும் உட்கார்ந்ததில்லை. மகள் மேகலாவுக்குக் காய்ச்சல் வந்தபோதும், வீட்டுக்காரர் வாடகைக்கு வந்து நின்றபோதும், ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கையைத் தட்டிக் கூப்பிட்டவள் அவள். அந்தப் பக்கம் ஒருவன், "திம்மராயா, உங்க வீட்டு சங்கு ஊதுதுப்பா" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். அவர் டம்ளரில் மிச்சம் இருப்பதைக் குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். மேம்பாலத்துக்கு ரோட்டை அகலப்படுத்தியபோது ஓட்டலோடு புங்கமரமும் போயிற்று. சாந்தம்மா மாலூரில் தங்கை வீட்டுக்குப் போனாள், அங்கேயே இரண்டு வருஷத்தில் செத்தும் போனாள். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. ஜோதியம்மாள் சாப்பிட்டாள். ஓட்டல் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது.

அவளுக்கும் ஒன்று இருந்தது, ராகி மில். கவிழ்த்த டின்களின் மேல் பெண்கள் உட்கார்ந்து, மாவு அரைபடுகிற சத்தத்தில் கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருப்பார்கள். அதுவும் மூடிற்று. அவள் அதைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. பாக்கெட் மாவு வாங்க ஆரம்பித்தாள், அவ்வளவுதான்.

போன ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, டீச்சர் வீட்டிலிருந்து அவள் திரும்பியபோது மணி பதினொன்று. கேட் திறந்தே கிடந்தது. கூடத்தில் சுவரோரமாக அவர் சாய்ந்து கிடந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். விட்டதும் ஈரத்துணி போல விழுந்தது. பேர் சொல்லச் சொன்னாள். சத்தம் வந்தது, சொல் வரவில்லை.

பதறுவதற்கு அவள் பழகியிருக்கவில்லை. அவரை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். வாயில் எதையும் ஊற்றவில்லை. அடுத்த போர்ஷனில் குடியிருக்கும் வினோதாவின் கதவைத் தட்டினாள். திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வந்து மூன்று வருஷமாகச் செல்போன் கம்பெனியில் வேலை செய்கிற பெண். இரவு ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தாள். காலையில் இவரைப் பார்த்தாயா என்று கேட்டதற்கு, எட்டு ஐந்துக்குக் கம்பெனி பஸ் இறக்கிவிட்டபோது கேட்டண்டை நின்றார், நல்லாப் பேசினார் என்றாள். கோபி சலூனையும் மூடிவிட்டார்கள் என்று சொன்னாராம்.

எட்டு ஐந்து. ஜோதியம்மாள் மனசுக்குள் கூட்டினாள். மூளையில் இரத்தம் கட்டியிருந்தால் அதைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பன்னிரண்டு முப்பத்தைந்து வரை நேரம் இருந்தது. அதற்குள் ஸ்கேனும் எடுத்தாக வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த ஊசி போட்டு நடந்து போனவர்களையும் பார்த்திருக்கிறாள், நேரம் தவறிக் கட்டிலோடு போனவர்களையும் பார்த்திருக்கிறாள். இப்போது கையில் இருந்த நேரம் போதுமானது.

தான் வேலை செய்த நர்சிங் ஹோமின் ஆம்புலன்ஸையே கூப்பிட்டாள். எடுத்தது தினேஷ்குமார் என்கிற டிரைவர். தென்காசிப் பக்கத்து ஆள், வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவள் நோயைச் சொன்னாள், வயதைச் சொன்னாள், எத்தனை மணியிலிருந்து என்று சொன்னாள். எல்லாம் சரியாகச் சொன்னாள். விலாசம் கேட்டான்.

"ஜூஜுவாடி. சாந்தம்மா ஓட்டல் எதிர்ச் சந்து. மூணாவது வீடு."

சொன்னது தப்பு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மளிகைக்காரனுக்கு அப்படித்தான் சொல்வாள். கேஸ் சிலிண்டர்காரனுக்கும் அதுதான் விலாசம். ஷேர் ஆட்டோக்காரர்களில் பழைய ஆட்கள் இன்றைக்கும் அந்த இடத்தில் "சாந்தம்மா ஓட்டல் எறங்கு" என்றுதான் கத்துவார்கள். அந்தப் பேர் வாயில் ஏறிப் பல வருஷம் ஆகிவிட்டது. ஓட்டல் போனபோது பேர் கூடவே போகவில்லை.

பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிறேன் என்றான். பன்னிரண்டாவது நிமிஷம் அவனே கூப்பிட்டு, ஓட்டல் முன்னால் நிற்கிறேன், யாரையாவது அனுப்புங்கள் என்றான். அவள் வினோதாவிடம், ஓட்டல் கிட்ட ஆம்புலன்ஸ் நிற்கிறது, ஓடிப் போய்க் கூட்டி வா என்றாள். வினோதா செருப்பு கூடப் போடாமல் ஓடினாள். இரண்டு நிமிஷத்தில் மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

"ஆன்ட்டி, சாந்தம்மா ஓட்டல்னா எது? ரோட்டுல ரெண்டு மூணு பேர கேட்டேன், இந்திக்காரங்க, அவங்களுக்கும் தெரியல."

ஜோதியம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். அப்புறம் போனை எடுத்தாள்.

"தம்பி, எந்த ஓட்டல் முன்னாடி நிக்கற?"

"சாந்தம்மா ஓட்டல்தாம்மா. மேப்புல போட்டேன், கரெக்டா கொண்டாந்து விட்டுட்டு. சாந்தம்மா மிலிட்டரி ஓட்டல்னு இருக்கு. எதுக்க சந்தும் இருக்கு. மூணாவது வீட்டத் தட்டுனேன், கன்னடத்துல ஏசுதாங்க."

அவன் கர்நாடக எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளியில் நின்றான். யாரோ ஒரு சாந்தம்மா, யாரோ ஒரு கறிச்சோற்றுக் கடை. அங்கே அந்த ஓட்டல் நிஜமாகவே இருந்தது.

அங்கிருந்து திரும்புவது தூரம் இல்லை, மூன்று கிலோமீட்டர் கூட வராது. ஆனால் ரோட்டுக்கு நடுவே தடுப்பு. பாலத்துக்கு அடியில் போய்த்தான் திரும்ப வேண்டும். அன்று அங்கே கன்டெய்னர் லாரி ஒன்று அச்சு முறிந்து குறுக்கே கிடந்தது. சைரன் போட்டான். லாரிகளுக்குக் காது உண்டா? ஆட்டோவில் போட்டுக்கொண்டு போய்விடலாமா என்று அவள் இரண்டு தடவை நினைத்தாள். இரண்டு தடவையும் அவன், "அஞ்சு நிமிசம்மா" என்றான். அந்த ஐந்து நிமிஷம் முப்பதாயிற்று. தெரு முனையில் வினோதா துப்பட்டாவை வீசிக்கொண்டு நிற்க, வண்டி சந்துக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று ஐம்பத்தெட்டு. ஆஸ்பத்திரியில் இறக்கியது பன்னிரண்டே காலுக்கு மேல். ஸ்கேன் எடுத்து, படம் பார்த்து, டாக்டர் வெளியே வந்தபோது பன்னிரண்டு ஐம்பது.

இளம் டாக்டர், நல்ல மாதிரி. இனி ஊசி போட்டால் இரத்தம் கசிகிற ஆபத்துதான் அதிகம் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார். அவர் சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். பதினைந்து நிமிஷம். அவள் தலையை ஆட்டினாள், கையெழுத்துப் போட்டாள்.

மேகலா பெங்களூரிலிருந்து வந்ததும் அழுதாள். அழுது முடித்ததும், லொகேஷன் அனுப்பச் சொல்லித்தந்தேனே அம்மா என்றாள். சொல்லித்தந்திருந்தாள். மூன்று தடவை செய்தும் காட்டியிருந்தாள். டிரைவர் தினேஷ்குமார் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் காலைத் தொடாத குறையாக மன்னிப்புக் கேட்டான். ஜோதியம்மாள் அவனிடம், "நீ நான் சொன்ன எடத்துக்குத்தான் போன. போய் வேலயப் பாரு" என்றாள்.

திம்மராயன் பதினெட்டாம் நாள் வீட்டுக்கு வந்தார். வலது கையும் காலும் கட்டை. பேச்சு போயிருந்தது. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது.

பெங்களூரிலிருந்து வந்த பேச்சுப் பயிற்சிக்காரப் பெண் படம் போட்ட அட்டைகளை வரிசையாகக் காட்டினாள். வாழைப்பழத்தைக் காட்டினாள். அவர் நெற்றியைச் சுருக்கி, எச்சில் ஒழுக முயன்று, தெளிவாகச் சொன்னார்: "மூடிட்டாங்க." பசு மாட்டைக் காட்டினாள். "மூடிட்டாங்க." அந்தப் பெண், சிலருக்கு அடிக்கடி சொன்ன சொல் ஒன்று இப்படித் தங்கிவிடும், தவறாக எண்ண வேண்டாம் என்றாள். ஜோதியம்மாளுக்கு அது புதிது இல்லை. நர்சிங் ஹோமில் ஒரு கிழவர் ஏழு மாதம் "ரசீது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்து செத்தார். ஆனால் அவர் ஏழு மாதமும் வேறு யாருடைய புருஷனாகவோ இருந்தார்.

தண்ணீருக்கு மூடிட்டாங்க. மூத்திரத்துக்கு மூடிட்டாங்க. கொசு கடித்தால், மகள் போனில் பேசினால், முதுகு வலித்தால், எல்லாவற்றுக்கும் அதே. அவள் ஒரு மாதத்தில் தொனியை வைத்துப் பிரித்தறியப் பழகினாள். இழுத்துச் சொன்னால் தண்ணீர். வெட்டிச் சொன்னால் மூத்திரப் பாத்திரம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டினாள், காலையும் மாலையும் கையை மடக்கி நீட்டினாள். முதுகில் ஒரு புண் வரவிடவில்லை. டீச்சர் வீட்டு வேலையை விட்டுவிட்டாள். வேறு ஒரு பெண்ணை அனுப்பி, எப்படிப் புரட்டுவது என்று அரை நாள் கூட நின்று காட்டிவிட்டுத்தான் விட்டாள்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டல் கூட்டாளிகள் பார்க்க வந்தார்கள். மூன்று பேர், மீதிப் பேர் செத்தும் மகன் வீட்டுக்குப் போயும் தீர்ந்திருந்தார்கள். வந்தவர்களில் பெரிய வாய் ராமப்பன், முன்னாள் லாரி புக்கிங் ஏஜென்ட். கட்டிலைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்ததும் ஓட்டல் தானாக எழுந்து நின்றது. உப்புச்சாறு கொதித்தது. சாந்தம்மா கரண்டியால் ஒருவனை அடித்தாள். கல் பெஞ்சில் தூங்கிப்போய், அடுத்த ஷிப்ட்டுக்கே நேராகப் போன கதை வந்தது. திம்மராயன் கண்ணில் தண்ணீர் வந்து காது வரைக்கும் ஓடியது. "மூடிட்டாங்க" என்றார் நடுநடுவே. அவர்கள், ஆமாம்ப்பா, மூடிட்டாங்கப்பா என்று தலையை ஆட்டினார்கள். அவரைப் புரட்டிப் போட வேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருந்தது.

டீ கொண்டுவந்து வைத்தவளைப் பார்த்து ராமப்பன் சொன்னார்:

"என்ன இருந்தாலும் சொல்றேன், ஜோதியம்மா. பதினோரு வருசமாச்சி ஓட்டல் போயி. ஆனா அவசரத்துல உன் வாயிலயே அந்தப் பேருதான் வந்துச்சி பாரு. அதாம்மா சாந்தம்மா ஓட்டலு."

அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். மற்ற இருவரும் சிரித்த முகமாக இவளைப் பார்த்தார்கள்.

"அந்தப் பேரு என் வாயில வந்துச்சிண்ணா. இவரு வாயி போச்சி. டீய குடிச்சிட்டு கெளம்புங்க. நான் இவர பொரட்டணும்."

அவர்கள் டீயைக் குடிக்காமலேயே எழுந்தார்கள். ராமப்பன் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே ஏதோ முணுமுணுத்தார். அப்புறம் அவர்கள் வரவில்லை. போனில் விசாரிப்பதோடு சரி.

அன்று சாயங்காலமே ஜோதியம்மாள் ஒரு காலண்டர் அட்டையைக் கிழித்து, பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் விலாசம் எழுதினாள். கதவு எண், லேஅவுட் பேர், குறுக்குத் தெரு எண். கடைசியில், 'அடையாளம்: ஸ்ரீ பாலாஜி மொபைல்ஸ் எதிர்ச் சந்து.' அதைப் போன் வைக்கிற இடத்துக்கு மேலே ஒட்டினாள். வினோதாவையும் ஒரு தடவை சத்தமாகப் படிக்கச் சொன்னாள்.

தை மாதத்தில் வினோதா, மொபைல் கடை ஷட்டர் நாலு நாளாகத் திறக்கவில்லை ஆன்ட்டி என்றாள். ஜோதியம்மாள் நேரில் போய்ப் பார்த்தாள். போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மறு வாரம் அங்கே மோமோ கடை வந்தது. நேபாளத்துப் பையன்கள் ஆவி பறக்க விற்றார்கள். அட்டையில் மொபைல்ஸை அடித்துவிட்டு மோமோ கடை என்று எழுதினாள். சித்திரையில் அதுவும் போய், ஹெல்மெட் கடை வந்தது. பக்கத்தில் இருந்த மருந்துக்கடையை எழுதலாமென்றால், அது வாடகை கட்டுப்படியாகவில்லை என்று பாகலூர் ரோட்டுக்குப் போயிருந்தது.

இனி ஒருத்தி சொல்லி வருகிற செய்தியை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது என்று அவள் தீர்மானித்தாள். வினோதாவுக்குக் காலை ஷிப்ட் இல்லாத நாட்களில் அவளை அவரண்டை உட்கார வைத்துவிட்டு, ஆறரைக்குக் கிளம்பினாள். சர்வீஸ் ரோட்டு ஓரமாக எடை மேடை வரை. எது திறந்திருக்கிறது, எதன் ஷட்டரில் 'வாடகைக்கு' என்று ஒட்டியிருக்கிறது, எந்த போர்டில் பெயின்ட் மாறியிருக்கிறது என்று பார்த்தபடி நடந்தாள். அவருடைய வழி அதுதான் என்பது இரண்டாம் நாள் அவளுக்கு உறைத்தது. அதற்காகப் பாதையை மாற்றவில்லை. ஆம்புலன்ஸ் வருகிற ரோடும் அதுதான்.

வைகாசியில் ஒரு காலை அவள் திரும்பி வந்து கேட்டைச் சாத்தினாள். சத்தம் கேட்டு அவர் தலையைத் திருப்பினார். இடது கண் அவளைக் கேட்டது. இத்தனை வருஷம் அவள் காது கொடுத்துக் கேட்காத அறிக்கையை அவர் இப்போது எதிர்பார்த்துக் கிடந்தார்.

அவள் பேனாவை எடுத்தாள். அட்டையில் ஹெல்மெட் கடையின் மேல் கோடு போட்டாள். இனி எழுத இடம் இல்லாமல் அட்டை நிறைந்திருந்தது.

"ஹெல்மெட் கடய மூடிட்டாங்க" என்றாள்.

"மூடிட்டாங்க" என்றார் திம்மராயன்.

ஒன்பது மாதத்தில் அந்தச் சொல் முதல் தடவையாக, சரியான இடத்தில் விழுந்தது. பேச்சுப் பயிற்சிக்காரப் பெண்ணிடம் சொன்னால் நோட்டில் குறித்துக்கொள்வாள். ஜோதியம்மாள் அட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, புதுக் காலண்டரின் அட்டையைக் கிழித்தாள். கதவு எண், லேஅவுட், குறுக்குத் தெரு எல்லாம் எழுதினாள். அடையாளம் என்று எழுதி இரண்டு புள்ளி வைத்தாள். எதிரில் இன்றைக்கு நிற்பது என்ன என்று யோசித்தாள். மேம்பாலத்தின் தூண்தான் இருந்தது. தூண் நம்பர் தெரியவில்லை.

நாளைக்குப் பார்த்து வந்து எழுதலாம் என்று பேனாவை மூடினாள். மணி எட்டாகியிருந்தது. அவரைப் புரட்ட வேண்டும்.